உணவுத் தட்டும் மார்க்க ஒழுக்கமும்
ஜப்பானில் ஆசிரியப் பணியாற்றும் ஓர் இளைஞரின் அனுபவம் தரும் படிப்பினை

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பிழைப்புக்காகக் கடல் கடப்பது புதிதன்று. சவூதி, குவைத், துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று நம் வீடுகளில் சொல்லாத பெயர் இல்லை. அந்நாடுகளிலெல்லாம் பாங்கோசை காதில் விழும். ஹலாலான உணவு கடைத்தெருவிலேயே கிடைக்கும். ஆனால் இன்று நம் பிள்ளைகள் செல்லும் திசைகள் விரிந்துவிட்டன. பாங்கோசை கேட்காத ஊர்களுக்கும் அவர்கள் போகிறார்கள். அப்படிப் போன ஓர் இளைஞரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்; ஆகவே சொல்லவில்லை. அவர் மூலம் அல்லாஹ் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பகல் உணவு

அவர் தொடக்க வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் பயின்றவர். ஜப்பானின் மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் துணை ஆங்கில ஆசிரியராக இருக்கிறார். இவ்வாறு அயல்நாட்டாரை அழைத்து மொழி கற்பிக்கச் செய்வது அந்நாட்டின் பழைய வழக்கம். லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1890ஆம் ஆண்டிலேயே மாட்சுயே என்னும் ஊருக்கு ஆங்கில ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். 1987 முதல் அந்நாட்டு அரசே ஒரு திட்டம் வகுத்து, பல நாட்டு இளைஞர்களைத் தன் பள்ளிகளுக்கு வரவழைத்து வருகிறது. தனியார் நிறுவனங்கள் வழியாகச் செல்வோரும் உண்டு. நம் இளைஞர் அவ்வழியில் சென்றவர்.

அங்குப் பகல் உணவு என்பது பாடத்தின் ஒரு பகுதி. மணி அடித்ததும் பிள்ளைகளில் முறைவைத்துச் சிலர் வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, சமையற்கூடத்திலிருந்து பாத்திரங்களைச் சுமந்து வந்து, தாங்களே எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதே உணவை உண்ண வேண்டும். அதற்குரிய தொகையை அவரும் மாதந்தோறும் செலுத்துகிறார். எல்லோருக்கும் பரிமாறிய பின்னரே அனைவரும் ஒருசேரத் தொடங்குவர். உண்டு முடித்ததும் பால் உறையைக்கூடக் கழுவி மடித்து வைப்பார்கள். பிறகு துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்வார்கள்.

இதன் தொடக்கத்தைக் கேட்டால் நம் நெஞ்சம் நெகிழும். 1889ஆம் ஆண்டு, ட்சுருவோக்கா என்ற ஊரில், புத்த மடாலயம் ஒன்றில் இயங்கிய பள்ளியில், உணவு கொண்டுவர வழியற்ற ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பிட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். அதுவே அந்நாட்டுப் பள்ளி உணவின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. 1954இல் அதற்கெனச் சட்டமே இயற்றினார்கள். நம் தமிழகத்திலும் 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலும், 1956இல் காமராஜர் ஆட்சியிலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும், 2022இல் காலை உணவாகவும் இந்தப் பணி வளர்ந்து வந்திருப்பதை நாம் அறிவோம். பசித்த பிள்ளைக்குச் சோறிட வேண்டும் என்ற இரக்கத்தை அல்லாஹ் எல்லா நாட்டு மக்களின் உள்ளத்திலும் வைத்திருக்கிறான்.

நான் செய்த பிழை

அவர் சென்ற இரண்டாம் வாரம், இஷா தொழுகைக்குப் பின் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு தருகிறார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். சாப்பிடலாமா?" என்று கேட்டார். எனக்கு வேறு ஒரு வீட்டுக்குச் செல்ல வேண்டிய அவசரம். "அவர்கள் சமைப்பது என்னவென்று நமக்கு எப்படித் தெரியும், தம்பி? சந்தேகமானதை விட்டுவிடுங்கள். ஒன்றையும் தொட வேண்டாம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். என்ன உணவு, எப்படிச் சமைக்கிறார்கள், விவரம் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை என் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். ஐந்து மாதங்கள் பகல் வேளையில் ஆசிரியர் அறையில் தனியே அமர்ந்து, கடையில் வாங்கிய ரொட்டியையும் வாழைப்பழத்தையும் உண்டார். பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் "பசியில்லை" என்றார். ஒரு நாள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்பாசிரியையிடம் சென்று, "நாங்கள் பரிமாறும் கைகள் அழுக்காக இருப்பதால்தான் அவர் எங்களோடு சாப்பிடுவதில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிரவு அவர் மீண்டும் என்னிடம் பேசினார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

இம்முறை நான் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது: அந்தப் பள்ளியில் ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே உணவுப் பட்டியல் அச்சிட்டுத் தருகிறார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக, எந்த உணவில் என்னென்ன பொருள் சேர்கிறது என்பதையும் எழுதுகிறார்கள். கேட்டால் விளக்குவதற்கென்றே சத்துணவு ஆசிரியை ஒருவரும் இருக்கிறார். பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். வெள்ளைச் சோறு, பால், உப்பிட்டுச் சுட்ட கானாங்கெளுத்தி மீன், வேகவைத்த கீரை, ஆரஞ்சுப் பழம். இவற்றில் ஹராம் எது? அந்த ஐந்து மாதங்களில் பல நாட்கள் அவர் விலக்கியது முழுக்க ஹலாலான உணவு!

இன்னொன்றும் தெரிந்தது. அவர் பாதுகாப்பானதென்று எண்ணி உண்ட கடை ரொட்டியின் உறையில் 'ஷார்ட்னிங்' என்று ஒரு பொருள் எழுதியிருந்தது. அது ரொட்டியை மிருதுவாக்கச் சேர்க்கும் கொழுப்பு. தாவர எண்ணெயிலும் செய்வார்கள். விலங்குக் கொழுப்பிலும் செய்வார்கள். எதனால் செய்தது என்று அந்த உறையில் இல்லை. ஆக, என் அவசரமான பதில் அந்தப் பிள்ளையை ஹலாலிலிருந்து விலக்கி, சந்தேகமானதின் பக்கம் திருப்பிவிட்டது.

சகோதரர்களே! அபூதாவூத் நூலில் ஜாபிர் (ரழி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தி வருகிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். இல்லை என்று அவர்கள் சொல்லிவிட, அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், விசாரித்து அறியாமல் பதில் சொன்னவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். இந்த ஹதீஸை மத்ரஸாவில் ஓதியவன் நான். மிம்பரில் சொன்னவனும் நான். ஆயினும் அது என்னைப் பற்றியது என்று அன்றிரவுதான் உணர்ந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அல்லாஹ்விடமும் கேட்டேன்.

எது கூடும், எது கூடாது

இனி அந்நாட்டுக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பயன்படும் சில விவரங்களைச் சொல்கிறேன். தாமாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதோர் பெயரில் அறுக்கப்பட்டது ஆகிய நான்கையும் அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் விலக்குகிறது. போதைப்பொருள் விலக்கப்பட்டதும் நாம் அறிந்ததே. எனவே அங்கு முறைப்படி அறுக்கப்படாத கோழியும் மாட்டிறைச்சியும்கூட நமக்கு ஆகாது. மீன், முட்டை, காய்கறி, சோறு ஆகியவற்றுக்குத் தடையில்லை. அவற்றில் சேர்க்கப்படும் பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

அங்குச் சாறுகளுக்கு அடிப்படையாக இருப்பது, கடற்பாசியையும் உலர்த்திய சூரை மீன் சீவலையும் கொதிக்கவைத்து எடுக்கும் நீர். அந்தச் சீவல் வேறொன்றுமில்லை. நம் கடலோர மக்கள் சம்பலுக்கு இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாட்டின் உடன்பிறப்பே. இதில் குற்றமில்லை. ஆனால் 'மிரின்' என்றொரு இனிப்புப் பாகு உண்டு. பார்த்தால் தேன்போல் இருக்கும். உண்மையான மிரினில் நூற்றுக்குப் பதினான்கு பங்களவு சாராயச் சத்து இருக்கிறது. 'சாக்கே' என்ற அரிசி மதுவையும் சமையலில் ஊற்றுவார்கள். சோயாச் சாற்றில் புளிக்கும்போது தானாகத் தோன்றும் சிறு அளவு வேறு; கெடாமலிருக்கத் தனியாகச் சேர்க்கும் மது வேறு. முன்னதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சந்தேகம் வரும்போது, சட்டம் அறிந்த ஆலிமிடம் விவரத்தோடு கேட்க வேண்டும்.

கடல் உணவு குறித்தும் ஒரு வார்த்தை. ஆக்டோபஸ், கணவாய், நண்டு ஆகியவை அங்கு அன்றாட உணவு. பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் சகோதரர்கள் கடல்வாழ் உயிரினங்களில் பெரும்பாலானவற்றை ஆகுமென்பர். ஹனஃபீ மத்ஹபினராகிய நமக்கு மீன் மட்டுமே. இறாலை மீன் வகையில் சேர்ப்பதா என்பதிலும் நம் இமாம்களிடையே பேச்சு உண்டு. ஒரே மேசையில் இருவர் அமர்ந்து, ஒருவர் உண்பதை மற்றவர் விலக்கினாலும் சச்சரவு வேண்டாம். இருவருக்கும் ஆதாரம் உண்டு.

வியப்பான செய்தி ஒன்றையும் கேளுங்கள். இறைச்சியை விலக்கி வாழ்வது ஜப்பானியருக்கே தெரியாத ஒன்றல்ல. 675ஆம் ஆண்டில் டென்மு என்ற பேரரசர், மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் ஒரு பகுதியில் தடை செய்தார். அதன் பின் பல நூற்றாண்டுகள் நாற்கால் பிராணிகளின் இறைச்சியைப் பொதுவாக ஒதுக்கியே வாழ்ந்தார்கள். 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி அங்குப் பெரும் பேச்சாயிற்று. எனவே "என் மார்க்கம் இதை விலக்கியிருக்கிறது" என்று பணிவாகச் சொன்னால், அவர்களில் பெரியவர்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

குழம்பு மணக்கும் நாள்

அந்தப் பிள்ளைக்கு மிகக் கடினமான நாள் எது தெரியுமா? கறிக் குழம்பு பரிமாறும் நாள்! மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாகக் குழம்புப் பொடி அங்குச் சென்றது. பிரிட்டிஷாருக்கு எதிராகப் போராடி 1915இல் ஜப்பானில் அடைக்கலம் புகுந்த ராஷ் பிஹாரி போஸ் அவர்களின் முயற்சியால், 1927இல் டோக்கியோவின் நாகமுராயா கடை இந்திய முறைக் குழம்பை விற்கத் தொடங்கியது. இன்று ஜப்பானியப் பிள்ளைகளுக்கு மிகப் பிரியமான பள்ளி உணவுகளில் ஒன்று அதுவே. ஊர் வாசனை மூக்கில் ஏறுகிறது, பிள்ளைகள் "இது உங்கள் நாட்டு உணவுதானே!" என்று மகிழ்ச்சியோடு நீட்டுகிறார்கள். ஆனால் அந்தக் குழம்புக் கட்டிகள் பலவற்றில் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ கலந்திருக்கிறது. குழம்பில் இறைச்சியும் இருக்கிறது. அவரால் தொட முடியாது.

இப்போது அவர் என்ன செய்கிறார்? பட்டியலைப் பார்த்து, ஆகாத நாட்களைச் சத்துணவு ஆசிரியையோடு சேர்ந்து முன்பே குறித்துக்கொள்கிறார். அந்த நாட்களில் உருளைக்கிழங்குக் குழம்பை வீட்டில் தாமே வைத்து, டப்பாவில் கொண்டுபோகிறார். சோறும் பாலும் பிள்ளைகளின் கையால் வாங்கிக்கொள்கிறார். அவர்கள் தங்கள் வழக்கப்படி ஒரு சொல் சொல்லித் தொடங்கும்போது, இவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறார். கேட்கிற பிள்ளைக்குப் பொருள் சொல்கிறார். அந்தச் சிறுமி இப்போது, "இன்று ஆசிரியருக்கு ஆகுமா, ஆகாதா?" என்று தானே பட்டியலைப் பார்த்துச் சொல்கிறாளாம்.

புகாரி, முஸ்லிம் நூல்களில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அன்னை மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். "இது ஹராமா?" என்று காலித் பின் வலீத் (ரழி) வினவினார்கள். இல்லை, தம் மக்களின் பூமியில் இல்லாத உணவாதலால் மனம் ஒப்பவில்லை என்று நபியவர்கள் விளக்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரழி) அதை உண்டார்கள். உடும்பு குறித்து நம் ஹனஃபீ மத்ஹபின் சட்டம் தனி. அந்த மேசையில் இருந்த ஒழுக்கத்தை மட்டும் பாருங்கள். உண்ணாதவர் எழுந்து போகவில்லை, பழிக்கவில்லை, பொய்க் காரணமும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு உடன் அமர்ந்திருந்தார்கள். இதுவே நம் பிள்ளை கடைப்பிடிக்க வேண்டிய வழி. ஆனால் மது பரிமாறும் விருந்து வேறு. ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் கூடும் குடி விருந்துக்கு அவர் செல்வதில்லை. மறுநாள் அனைவருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்து, காரணத்தை மரியாதையாகச் சொல்கிறார்.

அன்றாட வாழ்விலும் அவ்வாறே. பள்ளியின் வாசலில் காலணியைக் கழற்றுவது அவருக்கு நம் பள்ளிவாசலை நினைவூட்டுகிறது. கோடையில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடுவதால், ஃபஜ்ருக்கு மூன்று மணி கடந்த சிறிது நேரத்திலேயே எழ வேண்டியிருக்கிறது. கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. ஜும்ஆ நடைபெறாத அச்சிற்றூரில் லுஹர் தொழுகிறார். விடுமுறையில் ரயிலேறி நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போகிறார். 1935இல் கட்டப்பட்ட கோபே பள்ளிவாசல், உலகப் போரின் குண்டுவீச்சையும் 1995ஆம் ஆண்டுப் பூகம்பத்தையும் தாங்கி நிற்கிறது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களில் இந்திய முஸ்லிம் வணிகர்களும் உண்டு. சென்ற விடுமுறைக்கு வந்தபோது விருத்தாசலத்துப் பீங்கான் குவளைகளை வாங்கிப்போய்ச் சக ஆசிரியர்களுக்குக் கொடுத்தார். பீங்கானின் அருமை அறிந்தவர்கள் அல்லவா! கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்து, எந்த ஊர் மண் என்று கேட்டார்களாம்.

தனியே விடாதீர்கள்

இத்தகைய வாழ்வில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. போபாலில் பிறந்த மௌலவி பரக்கத்துல்லாஹ் அவர்கள் 1909இல் டோக்கியோ சென்று, அங்குள்ள அயல்மொழிப் பள்ளியில் இந்துஸ்தானி மொழி ஆசிரியராகப் பணியாற்றினார்கள். கோபே பள்ளிவாசலும் டோக்கியோ பள்ளிவாசலும் எழும்பாத காலம் அது. கற்பித்துக்கொண்டே இஸ்லாமியப் பத்திரிகை ஒன்றையும் நடத்தினார்கள். அதன் பிரிட்டிஷ் எதிர்ப்பால் ஆங்கில அரசு நெருக்க, பத்திரிகை நின்றது; 1914இல் பணியும் போயிற்று. மறுஆண்டு காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசின் பிரதமரானார்கள். 1927இல் அமெரிக்காவில் மறைந்தார்கள். அவர்கள் மௌலவி, சட்டம் தெரியாமல் தடுமாற வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. நம் பிள்ளைகளோ கணிதமும் ஆங்கிலமும் கற்றுச் செல்கிறார்கள். சட்டத்துக்கு நம்மை நம்புகிறார்கள். அவர்கள் கேட்கும்போது பொறுமையாக விசாரித்துப் பதில் சொல்வது ஆலிம்களின் கடமை. புறப்படும் முன்பே உணவு, பயணத் தொழுகை, கிப்லா ஆகிய சட்டங்களை இரண்டு நாட்கள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஜமாஅத் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு நான் நேரம் தரச் சித்தமாயிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அண்மையில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார், சைவ உணவுக்காரர். பிரியாணியில் கறி, தாளிச்சாவில் எலும்பு. அவர் தயிர்ப் பச்சடியையும் வாழைப்பழத்தையும் உண்டுவிட்டு, "வயிறு நிறைந்துவிட்டது, ஹஜ்ரத்" என்று சிரித்தார். நானும் நம்பினேன். ஜப்பானில் நம் பிள்ளை "பசியில்லை" என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான், அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கியது. சுற்றிலும் இலைகளில் மிஞ்சிய பிரியாணி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. அழைத்து வந்த விருந்தாளி பசியோடு எழுந்து போனார்.

அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் விருந்தாளியைக் கண்ணியப்படுத்தட்டும் என்பது நபிமொழியின் கருத்து. நம் பிள்ளைக்காக ஒரு ஜப்பானியப் பள்ளி உணவுப் பட்டியலில் குறிபோடுகிறது என்றால், நம் பந்திக்கு வரும் அண்டை வீட்டாருக்காக நாம் தனிப் பாத்திரத்தில் சாதமும் சாம்பாரும் வைக்கக் கூடாதா? அழைக்கும்போதே "உங்களுக்கு என்ன ஆகும்?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? இவ்வாண்டு முதல் நம் மஹல்லாவின் விருந்துகளில் இதை நடைமுறைப்படுத்துமாறு நிர்வாகத்தாரையும், விருந்து வைக்கும் குடும்பத்தாரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

யா அல்லாஹ்! தூர தேசங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவையும், அதை அறியும் கல்வியையும், நல்ல அண்டை அயலாரையும் தருவாயாக! எங்கள் வாசலுக்கு வருவோர் பசியோடு திரும்பாதபடி எங்கள் உள்ளங்களை விசாலமாக்குவாயாக! அறியாமல் நாங்கள் சொன்ன பதில்களை மன்னித்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.